நொய்யல் கரையில் கொடுமணல்

கொங்குப் பக்கம் மாடு பார்க்கப் போகிற உழவர்கள் பலரும் காங்கேயத்தோடு திரும்பிவிடுகிறார்கள். அங்கிருந்து வடக்கே போனால் நொய்யல் ஆறு. ஆற்றின் வடகரையில், சென்னிமலைக்கு மேற்கே, கொடுமணல் என்றொரு சிற்றூர் இருக்கிறது. ஈரோடு மாவட்டம், பெருந்துறை வட்டம். கோபுரம் கிடையாது, கோட்டை கிடையாது. காடு, தோட்டம், சில தெருக்கள், அவ்வளவுதான். ஆனால் இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பு இந்த ஊரில் இரும்பு உருக்கியிருக்கிறார்கள், கல்மணி செதுக்கியிருக்கிறார்கள், சங்கு அறுத்திருக்கிறார்கள், நூல் நூற்றிருக்கிறார்கள். பதிற்றுப்பத்தில் இரண்டு இடங்களில் 'கொடுமணம்' என்று வருவது இந்த ஊர்தான் என்று ஆய்வாளர்கள் சொல்கிறார்கள்.

இயற்கை உழவர்களாகிய நமக்குக் கொடுமணலில் இன்னொரு பாடமும் இருக்கிறது. ஒரே ஆற்றங்கரையில் இரண்டாயிரம் ஆண்டு இடைவெளியில் இரண்டு தொழில்கள் நடந்திருக்கின்றன. இரண்டும் மண்ணில் எதை விட்டுவிட்டுப் போயின என்பதை ஒரே பகலில் நடந்தே பார்த்துவிடலாம். அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

கரூரிலிருந்து மேற்கே

சித்திரை மாதம் கண்ணபுரம் மாட்டுச் சந்தைக்கு நாலு பேர் ஒரு காரில் கிளம்பினோம். என் வயல் முக்கொம்புக்குக் கீழே, காவிரிப் பாசனம். கூட வந்தவர்களில் ஒருவர் பெரம்பலூர்ப் பக்கம் மானாவாரிப் பருத்தி போடுகிறவர். மற்ற இருவரும் எங்கள் ஊர்க்காரர்கள், ஆளுக்கு ஒரு காங்கேயம் கிடாரி வாங்கும் யோசனையில் இருந்தார்கள்.

கரூரைத் தாண்டி வெள்ளகோவில் சாலையில் போகும்போதே மண்ணின் நிறம் மாறிவிடுகிறது. வாய்க்கால் காணாமல் போகும். செம்மண்ணும் சுக்கான் கல்லும் தெரியும். அப்புறம் கொறங்காடு ஆரம்பம். நம் டெல்டாக்காரர்களுக்கு இது புதுசு என்பதால் கொஞ்சம் விளக்கிச் சொல்கிறேன்.

கொறங்காடு என்பது வேலி போட்ட மேய்ச்சல் காடு. வேலி கம்பியில் இல்லை, முள்கிளுவையில். போத்தை வெட்டி நட்டால் துளிர்த்து, நெருக்கமாக வளர்ந்து உயிர்வேலியாகிவிடும். உள்ளே அங்கங்கே வெள்வேல மரங்கள். தரையில் கொழுக்கட்டைப் புல். ஒரு குடும்பத்தின் காட்டைப் பல பாகமாகத் தடுத்து, ஒரு பாகத்தில் மேய்த்து முடித்ததும் மாட்டை அடுத்த பாகத்துக்கு மாற்றுகிறார்கள். மேய்ந்த பாகம் ஓய்வெடுத்துத் தழைத்துக்கொள்ளும். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை உழுது, சோளமோ பயறோ விதைத்து, மறுபடி புல்லுக்கே விட்டுவிடுவார்கள். கோடையில் புல் காய்ந்த பிறகு வேலங்காய் உதிரும். மாடும் ஆடும் அதைத் தின்று அந்த மாதங்களைக் கடத்திவிடும். காங்கேயம் மாடு இந்தக் காட்டில் உருவான மாடு. கன்று பிறக்கும்போது செவலையாக இருந்து, வளர வளரச் சாம்பலும் வெள்ளையுமாக மாறுவதைச் சந்தையில் நேரிலேயே பார்த்தோம்.

சந்தையில் ஒரு பெரியவர், "கொறங்காடு இல்லாத ஊருக்கு இந்த மாட்டைக் கொண்டுபோயிக் கட்டுத்தறியிலயே கட்டிப் போட்டுடாதீங்க தம்பி. நடக்கோணும், மேயோணும். அப்பத்தான் அது மாடு" என்றார். எங்கள் ஊர்க்காரர் அன்று கிடாரி வாங்கவில்லை. மேய்ச்சலுக்கு இடம் ஒதுக்கிவிட்டு அடுத்த சித்திரைக்கு வருகிறேன் என்று சொல்லிவிட்டார்.

மறுநாள் காலையில் காங்கேயத்திலிருந்து சென்னிமலைச் சாலையைப் பிடித்தோம். நாங்கள் வந்த பாதை ஒரு வகையில் பழைய வணிகப் பெருவழியை ஒட்டியதுதான். மேற்குக் கடற்கரையின் முசிறித் துறைமுகத்திலிருந்து பாலக்காட்டுக் கணவாய் வழியாக நொய்யல் பள்ளத்தாக்கில் இறங்கி, சேரர் தலைநகராகக் கருதப்படும் கரூருக்குப் போன வழி அது. அந்த வழியில்தான் கொடுமணல் இருந்தது. பச்சைக்கல் கிடைத்த படியூர் ஆற்றுக்குத் தெற்கே பக்கத்தில்தான். நீலக்கல் கிடைத்த சிவன்மலையும் தூரமில்லை. மூலப்பொருளும் வழியும் ஒரே இடத்தில் சேர்ந்ததால் ஊர் தொழிற்கூடமாகிவிட்டது.

காட்டுக்குள் ஒரு தொழிற்கூடம்

கொடுமணலில் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகம் 1980-களில் தொடங்கிப் பல கட்டமாக அகழாய்வு செய்திருக்கிறது. பேராசிரியர்கள் எ. சுப்பராயலு, கா. ராஜன் ஆகியோர் பெயர்கள் இந்த ஊரோடு சேர்ந்தே பேசப்படும். பிறகு புதுவைப் பல்கலைக்கழகம் அகழ்ந்தது. 2020-இல் மாநிலத் தொல்லியல் துறையும் தோண்டியது.

கிடைத்தவற்றைப் பட்டியல் போட்டால் நீளும். தமிழி எழுத்து கீறிய பானை ஓடுகள் நூற்றுக்கணக்கில் கிடைத்தன. இவ்வளவு எழுத்துப் பொறித்த ஓடுகள் கிடைத்த ஊர்கள் தமிழகத்தில் குறைவு. பச்சைக்கல், நீலக்கல், பளிங்கு, சூதுபவளம், செவ்வந்திக்கல் என்று மணிகள் கிடைத்தன. முழுதாக முடிந்தவை மட்டுமல்ல, பாதி செதுக்கியவை, துளையிடும்போது உடைந்தவை, கழித்துப் போட்ட சில்லுகள் என எல்லா நிலையிலும் கிடைத்ததால் இங்கேயே செய்தார்கள் என்பது உறுதியானது. ஒரே கல்லறையில் ஆயிரக்கணக்கான சூதுபவள மணிகள் இருந்தன. கல் பதித்த வெண்கலப் புலி ஒன்றும் கிடைத்தது. இரும்பு உருக்கிய உலை, மூசை வைத்து எஃகு செய்த உலை, சங்கு வளையல் துண்டு, சுடுமண் தக்களி வட்டு இவையும் உண்டு. காலம் கி.மு. 5-ஆம் நூற்றாண்டளவில் தொடங்கிச் சில நூறு ஆண்டுகள்.

நாங்கள் போனபோது அகழாய்வுக் குழிகள் மூடியிருந்தன. வழி கேட்டதற்கு ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒரு அம்மா, "கல்லுக்காடு பாக்க வந்தீங்களா? இப்படியே மேக்கால போங்க சாமி" என்று கைகாட்டினார். பெரும் பலகைக் கற்களை நிறுத்தி, சுற்றிலும் வட்டமாகக் கல் அடுக்கிய ஈமச் சின்னங்கள் காடு முழுக்கப் பரவிக் கிடக்கின்றன. அவற்றுக்கு நடுவே செம்மறி மேய்கிறது. ஒரு கல்வட்டத்துக்குள் வெள்வேல மரம் முளைத்து நிழல் கொடுத்துக்கொண்டிருந்தது.

பக்கத்துக் காட்டில் நடக்கும்போது செருப்பில் கறுப்பாக, துளை விழுந்த கனமான கட்டிகள் இடறின. இரும்புக் கசடு, சிட்டம் என்பார்கள். உலையிலிருந்து வழித்து வெளியே வீசிய கழிவு. அது வீசிய இடத்திலேயே கிடக்கிறது. பக்கத்தில் புல் முளைத்திருக்கிறது, ஆடு மேய்கிறது. (யாராவது போனால் ஒன்றையும் எடுக்காதீர்கள். கண்ணால் பார்த்துவிட்டு அங்கேயே விட்டுவிடுங்கள். எந்த மண்ணடுக்கில் எது கிடந்தது என்பதுதான் ஆய்வாளருக்குச் சாட்சி.)

பழந்தமிழர் செய்ததெல்லாம் இயற்கைக்கு உகந்தது என்று நான் சொல்ல வரவில்லை. இரும்பு உருக்கக் கரி வேண்டும், கரிக்கு மரம் வேண்டும். அந்த உலைகள் எத்தனை வேல மரத்தைத் தின்றனவோ. ஆனால் வெட்டிய காடு மறுபடி முளைத்துவிட்டது. வீசிய கசடு நகராமல் கிடக்கிறது. கழிவு நகருமா நகராதா என்ற கேள்வியோடு அடுத்த இடத்துக்குப் போனோம்.

ஒரத்துப்பாளையம்

கொடுமணலுக்குச் சற்றுக் கிழக்கே ஆற்றின் குறுக்கே ஒரத்துப்பாளையம் அணை. ஈரோடு, கரூர் மாவட்டங்களில் பாசனம் தருவதற்காக 1992-இல் கட்டி முடித்தார்கள். நொய்யல் மழையாறு. வெள்ளியங்கிரி மலையில் பிறந்து, கோவை வழியாகத் திருப்பூருக்குள் நுழைந்து, அப்புறம் இங்கே வருகிறது. மழைக்காலத் தண்ணீரைப் பிடித்து வைத்துக் கொடுத்தால் மானாவாரி உழவர்கள் பிழைத்துக்கொள்வார்கள் என்பது திட்டம்.

அதே ஆண்டுகளில்தான் திருப்பூர்ப் பின்னலாடை ஏற்றுமதி வேகமாக வளர்ந்தது. சாயப்பட்டறைகள் நூற்றுக்கணக்கில் பெருகின. அவற்றின் கழிவுநீர் ஆற்றில் இறங்கியது. அணையில் சேர்ந்தது மழைத்தண்ணீரை விடச் சாயத்தண்ணீர்தான். தேங்கிய தண்ணீர் தரைக்குள் ஊறி, சுற்றுவட்டாரக் கிணறுகளில் இறங்கியது. பாசனத்துக்காகக் கட்டிய அணையில் தண்ணீரைத் தேக்கவே வேண்டாம் என்று உழவர்களே கேட்கும் நிலை வந்தது.

நாங்கள் போன நாளில் அணையில் சொல்லும்படி தேக்கம் இல்லை. சீமைக்கருவேலம் மண்டிய பள்ளமும், நடுவில் கொஞ்சம் கருத்த தண்ணீரும்தான். எங்களோடு வந்த பருத்திக்காரர் கரையில் ரொம்ப நேரம் பேசாமல் நின்றார். பிறகு, "நம்ம பஞ்சும் இங்கதானே வந்து சேருது" என்றார்.

கரையோரத் தோட்டத்தில் வயதான அம்மா ஒருவர் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தார். கிணற்றைப் பார்க்கலாமா என்று கேட்டோம்.

"பாருங்க சாமி, பாக்கறதுக்கு என்ன. தண்ணி நிறையத்தான் கெடக்குது. குடிக்கத்தான் ஆகாது."

"சாயம் தெரியுதுங்களா அம்மா?"

"நெறம் இப்ப இல்லீங்க. முன்ன ஒரு நாளைக்கு செவப்பு, ஒரு நாளைக்கு நீலம். இப்ப பாக்கறதுக்குத் தெளிவாத்தான் இருக்குது. ஆனா சோப்புப் போட்டா நொரைக்காது, பருப்புப் போட்டா வேகாது. மாடே மூஞ்சியத் திருப்பிக்குது."

தொட்டியில் இருந்தது மழைநீர் சேமித்ததும், குழாயில் வந்ததும். ஒரு காலத்தில் மஞ்சளும் வெங்காயமும் விளைந்த பூமியாம். இப்போது தென்னை இருக்கிறது, காய் சிறுத்துப்போய். மீதி நிலத்தை அவர்கள் மறுபடி புல்லுக்கு விட்டிருக்கிறார்கள்.

நிறம் போகும், உப்பு போகாது

அந்த அம்மா சொன்னதில் ஒரு வேதியியல் பாடமே இருக்கிறது.

பருத்தித் துணியில் சாயம் ஏற உப்பு வேண்டும். சாயத் தொட்டியில் ஒரு லிட்டர் தண்ணீருக்குச் சுமார் 30 முதல் 80 கிராம் வரை சோற்றுப்பையும், அல்லது சோடியம் சல்பேட்டையும் போடுகிறார்கள். கடல் தண்ணீரில் இருப்பதே லிட்டருக்குச் சுமார் 35 கிராம்தான். உப்பின் வேலை சாயத்தைத் துணி பக்கம் தள்ளிவிடுவது. அதன் பிறகு உப்பு துணியில் தங்காது, போட்ட அத்தனையும் கழிவுநீரில் வெளியே வந்துவிடும்.

சுண்ணாம்பும் இரும்பு உப்பும் போட்டுத் தெளிய வைக்கிற பழைய சுத்திகரிப்பு, நிறத்தை ஓரளவு எடுக்கும். கரைந்த உப்பை எடுக்காது. சவ்வு வழியாக அழுத்தி வடிகட்டி, மிச்சத்தைக் கொதிக்க வைத்து வற்றவைத்தால்தான் உப்பு பிரியும். செலவு அதிகம். அதனால்தான் பல ஆண்டுகள் இழுத்தடிப்பு நடந்தது. 'தண்ணி தெளிவாத்தானே இருக்கு' என்று யாராவது சொன்னால் ஏமாறாதீர்கள். உப்புக்கு நிறம் கிடையாது.

இனி ஒரு சின்னக் கணக்கு. ஒரு ஏக்கரில் ஒரு அங்குல உயரத்துக்குத் தண்ணீர் கட்டினால் சுமார் 1,03,000 லிட்டர். அந்தத் தண்ணீரில் லிட்டருக்கு 2 கிராம் உப்பு (2,000 டி.டி.எஸ்.) இருந்தால், ஒரு அங்குலப் பாசனத்தில் நாம் ஏக்கருக்கு 200 கிலோவுக்கு மேல் உப்பு போடுகிறோம். 50 கிலோ மூட்டை நாலு. இரண்டு அங்குலம் கட்டினால் எட்டு மூட்டை. இது ஒரே ஒரு தண்ணிக்கு! பயிர் தண்ணீரைக் குடித்துவிட்டு உப்பை மண்ணிலேயே விட்டுவிடும். வெயில் மீதித் தண்ணீரை ஆவியாக்கி, உப்பை மேலே கொண்டுவரும். சோடியம் அதிகமானால் களிமண் துகள் பிரிந்து, மண் இறுகிப்போகும். மழை பெய்தாலும் உள்ளே இறங்காது. நாம் பஞ்சகவ்யம், அமுதக்கரைசல், தொழுவுரம் எதைக் கொடுத்தாலும், இப்படித் தண்ணிக்கு எட்டு மூட்டை உப்பு சேர்ந்துகொண்டே இருந்தால் மண்ணுயிர்கள் எப்படித் தாங்கும்?

இரும்புக் கசடு போட்ட இடத்தில் கிடந்தது. உப்பு தண்ணீரோடு நடந்து, அதைப் போடாதவன் கிணற்றுக்கும் வந்துவிட்டது. கொடுமணலையும் ஒரத்துப்பாளையத்தையும் ஒரே நாளில் பார்த்ததில் எனக்குப் புரிந்தது இதுதான்.

உழவர்கள் நடத்திய வழக்கு

நொய்யல் உழவர்கள் அழுதுகொண்டு உட்கார்ந்திருக்கவில்லை. ஆயக்கட்டு உழவர்கள் பாதுகாப்புச் சங்கம் அமைத்து 2003-இல் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனார்கள். பாதிப்பைக் கணக்கிட்ட சூழல் இழப்பு ஆணையம், 28,000-க்கும் மேற்பட்ட உழவர்களுக்கு ஏறத்தாழ 25 கோடி ரூபாய் இழப்பீடு நிர்ணயித்தது. கேட்க பெரிய தொகை. தலைக்குப் பிரித்தால் ஒன்பதாயிரம் ரூபாய்கூட வராது. ஒரு கிணறு தூர்வாரவே அது காணாது.

2006-இல் உயர் நீதிமன்றம் கழிவுநீரை ஒரு சொட்டும் வெளியே விடாத முறைக்கு மாறச் சொன்னது. சாயப்பட்டறை உரிமையாளர்கள் உச்ச நீதிமன்றம் வரை போனார்கள். 2009-இல் அங்கேயும் உழவர்கள் பக்கம் தீர்ப்பு வந்தது: மாசு செய்தவர்தான் செலவை ஏற்க வேண்டும். அப்போதும் நிற்கவில்லை. 2011 ஜனவரி 28-ஆம் தேதி, எழுநூறுக்கும் மேற்பட்ட சாயப்பட்டறைகளை மூட உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. அதன் பிறகுதான் வற்றவைக்கும் முறை உண்மையாகவே வந்தது, அந்த முறைக்கு மாறிய பட்டறைகள் படிப்படியாகத் திறந்தன.

இந்த வழக்கில் தொழிலாளர் வயிற்றையும் மறக்கக் கூடாது. பட்டறை மூடியபோது வேலை இழந்தவர்களில் நொய்யல் கரைக் கிராமங்களிலிருந்து வெள்ளாமை கெட்டுப்போய் வேலைக்குப் போனவர்களும் உண்டு. ஆறு கெட்டபோது ஒரு தடவை, ஆலை மூடியபோது இன்னொரு தடவை என்று இரண்டு தடவை அடிபட்ட குடும்பங்கள் அவை.

இதே ஆற்றில் பழைய வழக்கம் எப்படி இருந்தது தெரியுமா? பேரூர்க் கோயிலில் கொங்குச் சோழர் காலக் கல்வெட்டு ஒன்று உண்டு. நொய்யலில் தேவிசிறை என்ற புது அணையைக் கட்ட அனுமதி கொடுக்கும்போதே, ஏற்கெனவே இருக்கிற அணைக்குக் கேடு வராதபடி கட்டிக்கொள்ள வேண்டும் என்று நிபந்தனை போட்டிருக்கிறார்கள். ஏற்கெனவே பாசனம் செய்கிறவன் கெடாமல்தான் புதிதாக எதையும் தொடங்கலாம் என்பது அப்போதைய சட்டம். எண்ணூறு ஆண்டு கழித்து அதையே நீதிமன்றத்தில் வாதாடி வாங்க வேண்டியிருந்தது.

உப்புத் தண்ணீரோடு உழவு

கொடுமணல் சுற்றுவட்டாரத்தில் சில உழவர்கள் செய்வதைப் பார்த்தோம். விசாரித்ததையும், நாம் அறிந்த மண்ணியலையும் சேர்த்து எழுதுகிறேன். சாயக்கழிவு இல்லாத ஊரிலும் ஆழ்துளைக் கிணறு உவர்க்கிற காலம் இது. எல்லோருக்கும் உதவும்.

முதலில் தண்ணீரை அளவிடுங்கள். கையடக்க டி.டி.எஸ். மீட்டர் அதிக விலையில்லை, நாலு பேர் சேர்ந்து ஒன்று வாங்கினால் போதும். குடிநீருக்கு 500 வரை நல்லது, வேறு வழியில்லாதபோது 2,000 வரை அனுமதி. நிலம் வாங்கும் முன், இயற்கை முறைக்கு மாறும் முன், கோடையில் ஒருமுறையும் மழைக்குப் பின் ஒருமுறையும் எழுதி வையுங்கள். வரப்போரம் எத்தனை அடி இடைவெளி விட்டாலும், கீழே வரும் தண்ணீரை அது தடுக்காது.

மண்ணின் கார அமில நிலையையும் சோதனைக் கூடத்தில் பாருங்கள். 8.5-க்கு மேல் போய், சோடியம் அதிகம் என்று வந்தால் அது களர். அதற்குத்தான் ஜிப்சம் கேட்கும். வெறும் உப்பு மட்டும் மிகுந்த உவர் நிலத்துக்கு ஜிப்சம் போட்டுப் பயனில்லை. நல்ல தண்ணீர் விட்டுக் கழுவி இறக்க வேண்டும். நமக்கு இலவசமாகக் கிடைக்கிற நல்ல தண்ணீர் மழை. கோடை உழவு போட்டு, வரப்பை உயர்த்தி, பெய்கிற மழையை வயலிலேயே நிறுத்துங்கள். உப்பு கீழே இறங்கும்.

முதல் மழைக்குத் தக்கைப்பூண்டு விதைக்கலாம். ஓரளவு உப்பைத் தாங்கும், மடக்கி உழுதால் மண் இளகும். தரையை மூடாக்கு இல்லாமல் விடாதீர்கள். ஆவியாதல் குறைந்தால் உப்பு மேலே ஏறுவதும் குறையும்.

பார் பிடித்து நடுகிறவர்கள் உச்சியில் விதை ஊன்ற வேண்டாம், உப்பு அங்கேதான் சேரும். பக்கச் சரிவில் ஊன்றுங்கள். சொட்டுநீர் வைத்திருப்பவர்களுக்கு ஒரு செய்தி: ஈர வட்டத்தின் ஓரத்தில் உப்பு வளையமாகச் சேர்ந்திருக்கும். சிறு தூறல் வந்தால் அந்த உப்பு வேருக்குத் திரும்பும். மழை வருகிறதே என்று சொட்டுநீரை நிறுத்தாமல், தூறும்போது ஓடவிட்டால் உப்பு வெளியே தள்ளப்படும்.

பயிர்த் தேர்வும் முக்கியம். அவரை இனங்கள், வெங்காயம், கேரட் இவை சீக்கிரம் அடிபடும். நெல்லும் அவ்வளவாகத் தாங்காது. சோளம், பருத்தி, தென்னை ஓரளவு நிற்கும்.

தண்ணீர் எதற்குமே ஆகாது என்றால்? கொடுமணல்காரர்கள் கையில் பதில் இருக்கிறது: கொறங்காடு. பாசனமே வேண்டாம். புல், வேல மரம், கிளுவை வேலி, ஆடு மாடு. கால்நடை குடிக்க மட்டும் பண்ணைக்குட்டையில் மழைநீர். ஒரு இளைஞர் தன் ஆறு ஏக்கரில் நாலு ஏக்கரைக் கொறங்காடாக மாற்றி, மீதியை மானாவாரிச் சோளத்துக்கும் எள்ளுக்கும் வைத்திருந்தார். "வருமானம் கொறைச்சல்தானுங்க. ஆனா கரண்ட் பில்லு இல்ல, உப்பும் ஏறறதில்ல. எங்க தாத்தன் பண்ணின பண்ணையத்துக்கே திரும்பிட்டேன்னு ஊருல சிரிக்கறாங்க. சிரிச்சுட்டுப் போகட்டும்" என்றார்.

நம் பருத்தி எங்கே போகிறது?

கடைசியாக, பருத்தி போடும் தோழர்களுக்கு. பெரம்பலூர்க்காரர் திரும்பி வரும் வழியெல்லாம் இதைத்தான் பேசினார். மருந்தடிக்காமல், ஒட்டு விதை வாங்காமல், நாட்டுப் பருத்தியைக் கஷ்டப்பட்டு விளைவித்து விற்கிறோம். பஞ்சு நூலாகி, துணியாகி, சாயத்தொட்டிக்குப் போகிறது. விதையிலிருந்து பஞ்சு வரை நஞ்சில்லாமல் இருந்து, சாயத்தில் இன்னொரு உழவனின் கிணற்றைக் கெடுத்தால் அது யாருக்கு இயற்கைத் துணி?

எனவே பஞ்சு வாங்க வருகிறவரிடம் விலை பேசும்போதே கேளுங்கள்: எங்கே சாயம் ஏற்றுகிறீர்கள், அந்தப் பட்டறையின் கழிவுநீரும் பிரித்தெடுத்த உப்பும் எங்கே போகின்றன? சாயமே ஏற்றாத துணி, தாவரச் சாயத் துணி நெய்யும் கைத்தறிக் குழுக்களுக்கு முதலில் கொடுக்க முடியுமா என்று பாருங்கள். உழவர் சந்தையில் சட்டை விற்கும் நம் குழுக்களும் இதே கேள்வியைக் கேட்டு எழுதி வாங்கலாம்.

என்னைப் போன்ற டெல்டாக்காரர்களுக்கும் இது அடுத்தவர் கதை இல்லை. நொய்யல் கரூர் மாவட்டத்தில் காவிரியில் கலக்கிறது. அந்தக் காவிரிதான் முக்கொம்பு வந்து என் மடைக்குத் திரும்புகிறது. ஊர் திரும்பிய வாரமே எங்கள் குழுவில் ஒரு மீட்டர் வாங்கினோம். மாதம் ஒருமுறை வாய்க்கால் தண்ணீர், ஆற்றுத் தண்ணீர், ஐந்து பேர் கிணறு என்று அளந்து ஒரு நோட்டில் தேதி போட்டு எழுதி வருகிறோம். நாளைக்கு ஒரு நீதிமன்றத்தில் நிற்க வேண்டி வந்தால், கண்ணீரை விட அந்த நோட்டுக்கு மதிப்பு அதிகம். நீங்களும் உங்கள் ஊரில் ஒரு நோட்டு ஆரம்பியுங்கள். ஆறு மாத அளவுகளைப் பத்திரிகைக்கு அனுப்பினால், எந்த ஆற்றில் எங்கே உப்பு ஏறுகிறது என்று எல்லோரும் சேர்ந்து பார்க்கலாம்.